இறக்கி வைத்த படம் எங்கே போகிறது?

தாம்பரத்திலிருந்து பீச் வரை தினமும் மின்சார ரயிலில் ஆபீஸ் போய்வரும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "போன்ல படத்தை டவுன்லோட் பண்ணி வெச்சுக்கறேன். ஒரு மாசம் கழிச்சுத் தொட்டுப் பார்த்தா 'காலாவதி'ங்குது. போன் என்னுது, டேட்டா என்னுது, சந்தா நான் கட்டினது. படம் எங்கே சார் போகுது?"

நியாயமான கேள்வி. படம் எங்கேயும் போகவில்லை, ஸ்வாமி. காலாவதி ஆகிற நிமிஷத்தில்கூட உங்கள் போனுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. சாவியைத்தான் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். நீங்கள் டவுன்லோட் பட்டனை அமுக்கியதும் இரண்டு சமாசாரங்கள் வந்து சேருகின்றன. ஒன்று படம். அது பூட்டிய பெட்டி. சங்கேத எழுத்தில் குழப்பி அனுப்பியிருப்பார்கள். போனைப் பிரித்து மேய்ந்தாலும் வெறும் குப்பையாகத்தான் தெரியும். இன்னொன்று, தனியாக வரும் சின்னச் சாவி. அதில் 'இந்த போனில் மட்டும், இன்ன தேதி வரைக்கும்' என்று நிபந்தனை எழுதியிருக்கும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இந்தச் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசாமிக்கு வைட்வைன் என்று பெயர். 2010-ல் கூகுள் விலைக்கு வாங்கிய சரக்கு. தேதி முடிந்ததும் சாவி செல்லாது. பெட்டி பெட்டியாகவே இருக்கும். வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்ட மாதிரி. உங்கள் சாமான் உள்ளே, நீங்கள் வெளியே.

வாடகைக்கு எடுக்கும் படங்களுக்கு வழக்கமான கணக்கு ஒன்று உண்டு. 30 நாளுக்குள் பார்க்க ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சந்தாவில் வரும் படங்களுக்குக் கெடு கம்பெனிக்குக் கம்பெனி, படத்துக்குப் படம் மாறும். தயாரிப்பாளரோடு போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டால் கெடு கிடு ஒன்றும் கிடையாது. படம் அந்தக் கடையை விட்டே கிளம்பிவிடும். நீங்கள் இறக்கி வைத்ததும் கூடவே கிளம்பும்.

ஆக, தாம்பரம் அன்பரே, 'டவுன்லோட்' என்ற வார்த்தைதான் நம்மை ஏமாற்றுகிறது. நாம் செய்வது லெண்டிங் லைப்ரரி சமாசாரம்.

*

லெண்டிங் லைப்ரரி என்றதும் வீடியோ கடை ஞாபகம் வருகிறது. இன்றைக்கு முப்பது வயதுக்காரர்களுக்கு இது புராண காலம். டெக்கையும் மூன்று கேசட்டையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து வருவார்கள். மூன்றையும் விடிவதற்குள் பார்த்து முடித்தாக வேண்டும், பணம் கொடுத்தாயிற்றே! முதல் படத்துக்குத் தெருவே கூடும். இரண்டாவது படத்தில் குழந்தைகள் சாயும். மூன்றாவது படத்தின் க்ளைமாக்ஸில் விழித்திருப்பவர், கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பில் இருக்கும் மாமா மட்டும்தான். அவரும் உட்கார்ந்தபடி குறட்டை விடுவார்.

படத்தை நம் சௌகரியத்துக்கு, நம் நேரத்துக்குப் பார்ப்பது என்ற ஆசை வந்த நாளிலிருந்து சண்டைதான். சோனியின் பீட்டாமாக்ஸ் 1975-ல் வந்தது, ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976-ல். டி.வி.யில் வருவதைப் பதிவு செய்து அப்புறம் பார்க்கலாம் என்றதும் ஹாலிவுட்டுக்கு வயிற்றைக் கலக்கியது. 1982-ல் அமெரிக்கப் படத் தயாரிப்பாளர்களின் பிரதிநிதி ஜாக் வாலண்டி, அந்த நாட்டுக் காங்கிரஸ் கமிட்டி முன்னால் போய், தனியாக வீட்டிலிருக்கும் பெண்ணுக்குக் கழுத்தை நெரிக்கும் கொலைகாரன் எப்படியோ அப்படித்தான் சினிமாத் தொழிலுக்கு வி.சி.ஆர். என்கிற ரீதியில் புலம்பினார். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1984 ஜனவரியில் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. டி.வி.யில் வந்ததை வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமில்லை. ஒரே ஒரு ஜட்ஜ் மனசு மாறியிருந்தால் கதையே வேறு.

தமாஷ் என்ன தெரியுமா? அதற்குப் பிறகு சில வருஷங்களில் அதே ஹாலிவுட்டுக்குத் தியேட்டரைவிடக் கேசட்டில் அதிக வருமானம் வந்தது. கழுத்தை நெரிக்க வந்தவன் கல்யாணம் செய்துகொண்டு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டான்.

நம் ஊரிலும் அதே கூத்து. 2012-ல் 'விஸ்வரூபம்' படத்தை டி.டி.எச்.சில் காட்டப்போகிறேன் என்று கமல் சொன்னதும் தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டர் பக்கமே போகாமல் நேராக அமேசான் பிரைமில் வந்தபோது மறுபடி கொதித்தார்கள். இன்றைக்கு எந்தப் படத்துக்கும் பூஜை போடும்போதே ஓ.டி.டி. வியாபாரம் பற்றிப் பேச்சு வந்துவிடுகிறது.

*

சரி, இரண்டரை மணி நேரப் படம் எப்படி அந்தச் சின்னப் பெட்டிக்குள் போகிறது? கொஞ்சம் கணக்குப் போடலாம், பயப்படாதீர்கள். ஒரு விநாடிக்கு 24 படம். இரண்டரை மணி நேரம் என்பது 9,000 விநாடி. ஆக, 2,16,000 படங்கள். ஒவ்வொரு படமும் எச்.டி.யில் 1280-க்கு 720 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் வைத்துக்கொண்டால் மொத்தம் கிட்டத்தட்ட 600 ஜி.பி. உங்கள் போனில் இருப்பதே 64. ஆனால் வந்து சேருவதோ ஒரு ஜி.பி. சொச்சம். ஐந்நூறு பங்கு சரக்கில் ஒரு பங்குதான் வருகிறது. மீதி?

மீதி அனுப்பப்படுவதே இல்லை. கதாநாயகன் மரத்தடியில் உட்கார்ந்து அம்மாவிடம் வசனம் பேசுகிறார். மரம் அசையவில்லை. அம்மாவும் அசையவில்லை (அழுகிறார், அவ்வளவுதான்). அசைவது வாய் மட்டும். எதற்கு மரத்தை விநாடிக்கு 24 தடவை அனுப்ப வேண்டும்? 'மரம் முன்னே இருந்த மாதிரியே. வாயை மட்டும் இப்படி மாற்றிக்கொள்' என்று ஒரு சீட்டு எழுதி அனுப்பினால் போதாதா? அப்படித்தான் செய்கிறார்கள். நாலு பேர் சும்மா உட்கார்ந்து பேசும் படம் சின்ன ஃபைலாகவும், நாற்பது பேர் அடித்துக்கொண்டு மழையும் பெய்யும் படம் பெரிய ஃபைலாகவும் இருப்பதன் ரகசியம் இதுதான்.

அதற்கும் அடியில் ஒரு கணித வித்தை இருக்கிறது. கண்ணுக்கு எடுபடாத நுணுக்கங்களைப் பிரித்துத் தூக்கி எறியும் வித்தை. பெயர் டி.சி.டி. இதை உலகுக்குச் சொன்ன கட்டுரை 1974-ல் வந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்: நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ். பெயர்களைப் பார்த்தீர்களா? அகமது பெங்களூரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். இந்த யோசனைக்கு 1972-ல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பண உதவி கேட்டிருக்கிறார். ரொம்ப எளிமையான ஐடியா என்று நிராகரித்துவிட்டார்கள். மனிதர் விடாமல் செய்தார். ஜேபெக் போட்டோவிலிருந்து இன்றைய வீடியோ வரை பாதி உலகம் அந்த எளிமையான ஐடியாவின் மேல்தான் ஓடுகிறது. அடுத்த தடவை மானேஜர் உங்கள் யோசனையை 'டூ சிம்பிள்' என்று திருப்பி அனுப்பினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிக் காட்ட வேண்டாம், அப்ரைசல் வருகிறது.

*

2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால் ஒரு ஜி.பி. டேட்டாவை இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய்க்கு மருந்து மாதிரி அளந்து பயன்படுத்தினோம். இப்போது தினப்படி ஒன்றரை ஜி.பி., இரண்டு ஜி.பி. என்று இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். ஆனால் ராத்திரி பன்னிரண்டு அடித்தால் மிச்சம் செல்லாது. நம்மவர்களுக்கு இலையில் மிச்சம் வைத்தால் மனசு கேட்காதே! பதினோரு மணிக்கு டேட்டா பாக்கியைப் பார்ப்பது, '800 எம்.பி. இருக்கு, வீணாப் போகுதே' என்று பதறுவது, கைக்குக் கிடைத்த ஒரு படத்தை இறக்குவது. என்ன படம் என்பது முக்கியமில்லை.

எங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு நண்பர். அவர் போனில் 43 படம். எத்தனை பார்த்தீர்கள் என்றால் "இருக்கு சார், நிதானமாப் பார்க்கலாம்" என்பார். போன மாதம் அவருக்கு மகள் பிறந்தாள். முதல் தடவையாகத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இவர் போனை எடுத்து க்ளிக் செய்தால், 'இடமில்லை' என்றதாம் போன். குழந்தை கண் திறந்து பார்த்த அந்த நிமிஷத்தில் இவர் எந்தப் படத்தை அழிக்கலாம் என்று ஸ்க்ரோல் செய்துகொண்டிருந்தார். கடைசியில் மாமியார் போனில்தான் போட்டோ எடுத்தார்கள். அது குடும்பத்தில் இன்னும் பேசப்படுகிறது.

*

இது சிரிக்கிற கேஸ். இன்னொன்று சிரிக்கிற கேஸ் இல்லை.

தெரிந்த பையன் ஒருவன், நல்ல கம்பெனியில் வேலை. தியேட்டரில் வந்து இரண்டே நாள் ஆன படம் ஓசியில் கிடைக்கும் என்று ஒரு லிங்க் வந்திருக்கிறது. தட்டினால் படம் வரவில்லை. 'இந்த பிளேயரை முதலில் இறக்குங்கள்' என்று ஒரு ஏ.பி.கே. ஃபைல் வந்தது. இறக்கினான். அது எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டது. கொடுத்தான். ஒரு நிமிஷம் யோசியுங்கள்: படம் காட்டுகிறவனுக்கு உங்கள் எஸ்.எம்.எஸ். எதற்கு? ஆபரேட்டர் ரூமில் இருக்கிறவர் உங்கள் வீட்டுத் தபாலைப் பிரித்துப் பார்க்கணும் என்றால் விடுவீர்களா?

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு ஓ.டி.பி.க்கள் வந்தன. அவன் பார்ப்பதற்குள் அந்த பிளேயர் பார்த்துவிட்டது. 48,000 ரூபாய். தங்கை கல்யாணத்துக்குச் சத்திரம் அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்த பணம். பையன் ஒரு காரியம் சரியாகச் செய்தான். விடியட்டும் என்று உட்காராமல் உடனே 1930-க்கு போன் செய்தான். இணையப் பணமோசடிக்கென்றே இருக்கும் தேசிய உதவி எண் அது. உடனே சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்கிவைக்க வழி இருக்கிறது. 31,000 பிழைத்தது. மீதி போனது போனதுதான். சத்திரக்காரரிடம் தவணை சொல்லி அப்பா கைகட்டி நின்றதைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது. பணத்துக்கு உடையவில்லை.

'எல்லாரும்தானே பார்க்கறாங்க' என்று சொல்பவர்களுக்குச் சட்டமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2004-லேயே வீடியோ திருட்டுக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தாயிற்று. 2023-ல் திருத்திய மத்திய அரசின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி, படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தாலோ பரப்பினாலோ மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை உள்ளே. அபராதம் மூன்று லட்சத்தில் ஆரம்பித்து, படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை. நூறு கோடிப் படம் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். என் கால்குலேட்டர் சின்னது.

*

ஆனால் சாவிக்காரர்கள் பக்கமும் முழுக்கச் சாய்ந்துவிட முடியவில்லை. 2009 ஜூலையில் அமெரிக்காவில் கிண்டில் கருவியில் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் சில, ராத்திரியோடு ராத்திரியாக மறைந்தன. விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும் அமேசான் தூரத்திலிருந்தே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். அழிந்த புத்தகங்களில் ஒன்று எது தெரியுமா? எல்லோரையும் எப்போதும் கண்காணிக்கும் அரசாங்கத்தைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. கற்பனையில்கூட இப்படி வைத்தால் ஆசிரியர் நம்ப மாட்டார்.

நமக்கும் பழைய காயம் ஒன்று இருக்கிறது. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. டி.பி.ராஜலக்ஷ்மி நடித்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. இருந்தது சில பிரிண்ட், அத்தனையும் போயிற்று. பல கைகளில் பல பிரதி இருந்தால்தான் ஒரு படம் பிழைக்கும். எல்லாப் பிரதியும் ஒரே சாவிக்கொத்தில் தொங்கினால் அந்தக் கொத்து தொலைகிற அன்றைக்கு என்ன செய்வது? அதனால் உயிராக நினைக்கிற நாலு படம் இருந்தால் எங்காவது டி.வி.டி. கிடைக்கும்போதே வாங்கி வையுங்கள். டி.வி.டி. பிளேயரையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

*

இவ்வளவு குறை சொன்னாலும், இறக்கி வைத்த படத்துக்கு நான் ஒரு கும்பிடு போட வேண்டியிருக்கிறது. அப்பாவை ஐ.சி.யூ.வில் வைத்திருந்த ஆறு நாளும் வாசலில் ஒரு இரும்பு பெஞ்சு. கீழ்த்தளம், சிக்னல் கிடையாது. வெளியே போய் போன் பேசலாம் என்றால், உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்போது இல்லாமல் போய்விடுவோமோ என்று பயம். எதிரே ஒரு பெரியவர், மனைவியைச் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் போனில் பேரன் இறக்கிக் கொடுத்த ஒரே ஒரு படம்: ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. இரண்டாம் ராத்திரி அதை ஓடவிட்டார். சத்தம் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் மௌனப் படம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடம் வந்ததும் பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் தலையை நீட்டிவிட்டோம். சத்தமே தேவைப்படவில்லை. ஒவ்வொருவர் உதடும் வசனத்தை முணுமுணுத்தது. 1964-ல் வந்த படம். எங்களில் மூன்று பேர் அப்போது பிறக்கவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

படம் முடிந்ததும் திரையில், 'எக்ஸ்பைர்ஸ் இன் டூ டேஸ்' என்று வந்தது. பெரியவர் என்னவென்று கேட்டார். இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும் என்றேன்.

"டாக்டரும் எங்க வீட்டம்மாவுக்கு அதையேதான் தம்பி சொன்னார். எது முதல்ல முடியுதுன்னு பார்ப்போம்."

யாரும் பேசவில்லை. படம் சொன்ன நாளில் காலாவதியாகிவிட்டது. அந்த அம்மா ஆகவில்லை. நாங்கள் அப்பாவை வார்டுக்கு மாற்றின பிறகு ஒரு நாள், சக்கர நாற்காலியில் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெரியவர் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டிவிட்டு, 'போடா' என்பது போல் கையை உதறினார்.

*

இனி, பயணம் கிளம்பும் அன்பர்களுக்குச் சில உபதேசங்கள். (இலவசம், கெடு தேதி கிடையாது.)

ஒன்று: வைஃபையில் இறக்குங்கள். ஆறு அங்குலத் திரைக்கு ஸ்டாண்டர்ட் தரமே தாராளம். 'ஹை' போட்டால் இடம் மூன்று மடங்கு போகும், கதாநாயகி மூன்று மடங்கு அழகாகிவிட மாட்டார்.

இரண்டு: கிளம்புவதற்கு முந்தின ராத்திரி போனை ஃப்ளைட் மோடில் போட்டு, படத்தை ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். சாவி இருக்கிறதா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும். விழுப்புரம் தாண்டி சிக்னல் போன பிறகு தெரிந்து பிரயோசனமில்லை.

மூன்று: சிக்னல் விட்டு விட்டு வரும் வழியில் இறக்கிய படம் பார்க்கும்போது ஃப்ளைட் மோட் நல்லது. டவரைத் தேடித் தேடி போன் சார்ஜைக் குடிக்காது. ஆனால் வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மூன்று மணி நேரம் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' என்று வந்தால் வீட்டில் ஓடுவது வேறு படம்.

நான்கு: பார்த்ததை அழியுங்கள். பார்க்கவே போவதில்லை என்று மனசுக்குத் தெரிந்ததை இன்றைக்கே அழியுங்கள்.

ஐந்து: இயர்போன். இது உபதேசமில்லை, பிரார்த்தனை. காலை 8.40 வண்டியில் இரண்டாவது பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலு நாளாக ஒரு துப்பறியும் படத்தை ஸ்பீக்கரில் வைத்துத் தவணை முறையில் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மகானுபாவர் இதைப் படித்தால் தயவுசெய்து கவனிக்க வேண்டும். முதல் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டோம். நேற்று க்ளைமாக்ஸ் வருகிற நேரம் பார்த்து நீங்கள் கிண்டியில் இறங்கிவிட்டீர்கள். பெட்டி முழுக்கத் தவிக்கிறது. கொலை செய்தது யார் சார்?